வரத்துக்கால் இல்லாத ஏரி: மண்டலப் புற்றுநோய் மையம் என்றால் என்ன?

பட்ஜெட் வரும்போதும் தேர்தல் வரும்போதும் ஓர் அறிவிப்பு தவறாமல் வரும். இன்ன ஊரில், இத்தனை கோடியில், புற்றுநோய் மையம். கூடவே கண்ணாடி முகப்பு வைத்த கட்டடத்தின் படம். படித்ததும் "அப்பாடா, இனி சென்னைக்கு ஓட வேண்டாம்" என்று நிம்மதி வரும். எனக்கும் வந்துகொண்டிருந்தது, என் பெரியம்மாவுக்கு நோய் வரும்வரை.

அவருக்கு மாதவிலக்கு நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திடீரென்று மறுபடி உதிரப்போக்கு. "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தார். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து இடுப்பு வலி தாங்காமல் போனபோது கருப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாவது ஸ்டேஜ் என்றார்கள். கதிர்வீச்சுக் கருவி உள்ள ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். கருவி இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், காப்பீட்டு அட்டையும் இருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

அந்த எட்டு மாதத்துக்கு யார் பொறுப்பு? அதிலிருந்து தொடங்கினால்தான் மண்டல மையம் என்பது என்னவென்று புரியும்.

ஆஸ்பத்திரி வேறு, மையம் வேறு

கேன்சர் ஆஸ்பத்திரி, கேன்சர் மையம் என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். வித்தியாசம் இதுதான்: ஆஸ்பத்திரி தன் வாசலுக்கு வருகிறவருக்குப் பொறுப்பு. மண்டல மையம் தன் மண்டலத்தில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் பொறுப்பு. இதுவரை வாசலை மிதிக்காதவரும், நோயே வராதவரும் அதில் சேர்த்தி.

இந்தியாவில் 1975-76இல் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதையொட்டி, ஏற்கெனவே இயங்கிவந்த சில நிறுவனங்களுக்கு மண்டலப் புற்றுநோய் மையம் என்ற தகுதி கிடைத்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் அவற்றில் ஒன்று. பின்னால் 1981இல் திருவனந்தபுரத்தில் ஒன்று வந்தது. இந்த மையங்களுக்கு மூன்று வேலை: சிகிச்சை, ஆராய்ச்சி, களப்பணி. மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே ஏன் வைக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானவர்களுக்குக் குழப்பம்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரையை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும், மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் ஏரி நிரம்பாது. அப்புறம், பழைய பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். தண்ணீர் எவ்வளவு வந்தது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விட்டோம், எங்கே கசிகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லையென்றால் தண்ணீர் இருந்தும் கடைமடை காயும்.

சிகிச்சைதான் ஏரி. களப்பணி வரத்துக்கால். ஆராய்ச்சி, அந்த நீர்க்கட்டியின் கணக்கு. ஒரே ஒரு வேறுபாடு: தண்ணீர் பள்ளம் பார்த்துத் தானாக ஓடிவரும், நோயாளி வரமாட்டார். பயம், வெட்கம், கூலி போய்விடுமே என்ற கவலை எல்லாம் மேட்டு நிலம் மாதிரி குறுக்கே நிற்கும்.

உள்ளே நடப்பது: சிகிச்சை

முதல் படி பயாப்சி. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. புற்றுநோயா இல்லையா என்று உறுதி செய்வது பெரும்பாலும் அதுதான். அடுத்தது ஸ்டேஜ், அதாவது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற கணிப்பு. ஒரே பெயர் கொண்ட நோயாக இருந்தாலும் முதல் ஸ்டேஜுக்கும் மூன்றாவது ஸ்டேஜுக்கும் வைத்தியம் வேறு, பிழைக்கும் வாய்ப்பும் வேறு.

வைத்தியத்தில் மூன்று பெரிய கைகள்: அறுவை சிகிச்சை, கீமோ போன்ற மருந்துகள், கதிர்வீச்சு. கதிர்வீச்சை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். உண்மையில் அது மின்சாரம் அல்ல. அதிக ஆற்றல் கொண்ட கதிர்களால் புற்றுச் செல்கள் பெருகும் திறனைச் சிதைப்பதுதான் அந்த வைத்தியம். "கரண்ட்" என்ற சொல்லைக் கேட்டு ஷாக் அடிக்கும் என்று பயந்து வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அதனால் இதை எங்கே பேசினாலும் நான் முதலில் சொல்வது: படும்போது வலி தெரியாது.

மூன்றில் எதை முதலில் கொடுப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று ஒரே டாக்டர் முடிவு செய்யக்கூடாது. அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர், நுண்ணோக்கியில் பார்த்த நோய்க்குறியியல் நிபுணர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பேசும் கூட்டத்துக்கு ட்யூமர் போர்டு என்று பெயர். நல்ல மையத்துக்கு முதல் அடையாளம் எது என்று கேட்டால், கருவியின் விலையைவிட இந்தக் கூட்டம் வாராவாரம் ஒழுங்காக நடக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் அறையில் ஒருநாள் நின்று பார்த்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டார்கள். அது அப்பளம் ஊறுவதுபோலத் துவண்டது. அதை எடுத்து நோயாளியின் முகத்தின் மேல் மெல்ல இழுத்து வைத்துச் சில நிமிஷம் பிடித்தார்கள். ஆறியதும் மூக்கு, தாடை எல்லாம் அச்சாக விழுந்து கெட்டியான முகமூடி ஆகிவிட்டது. தினமும் அதே முகமூடியைப் போட்டுப் படுக்கவைத்தால் தலை இம்மியும் அசையாது, கதிர் நேற்றுப் பட்ட இடத்திலேயே இன்றும் படும். இப்படி வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரம்.

இந்த ஆறு ஏழு வாரத்தில்தான் பல குடும்பங்கள் உடைகின்றன. தினமும் ஐந்து நிமிஷ வைத்தியத்துக்கு நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வர முடியாது. தங்க இடம் வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும், அவருடைய கூலியும் போகும். பாதியில் நின்றுபோன கதிர்வீச்சு நோயைத் தீர்க்காது. ஆகவே தங்கும் விடுதி, மலிவுச் சாப்பாடு, பயணச் சலுகைக்கு எழுதித்தரும் சமூகப்பணியாளர் எல்லாம் தர்மகாரியக் கணக்கில் வராது. மருந்தைப்போலவே அதுவும் சிகிச்சையின் பகுதி. குணமாக்க முடியாத நிலையில் வலியைத் தணிக்கும் பராமரிப்பும் அப்படித்தான். மார்ஃபின் மாத்திரை கையிருப்பில் இல்லாத இடத்தை மையம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதுவரை பார்த்தது: நோயை உறுதி செய்வது, ஸ்டேஜ் கணிப்பது, பல நிபுணர்கள் கூடி முடிவெடுப்பது, தொடங்கிய வைத்தியத்தை முடிக்கவைப்பது. இதோடு நின்றால் அது நல்ல ஆஸ்பத்திரி. மையம் ஆவதற்கு இன்னும் இரண்டு வேலை பாக்கி.

யாரும் படம் எடுக்காத அறை: பதிவேடு

இரண்டாவது வேலையான ஆராய்ச்சி தொடங்குவது புற்றுநோய்ப் பதிவேட்டில். பதிவேடு என்றதும் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் நோட்டு என்று நினைப்பார்கள். அதுவும் ஒரு வகை. ஆனால் மண்டல மையத்துக்கு உயிர் கொடுப்பது மக்கள்தொகை சார்ந்த பதிவேடு. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் குடியிருப்பவர்களில் ஒரு வருஷத்தில் யார் யாருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது என்று, எங்கே வைத்தியம் பார்த்திருந்தாலும், ஒருவர் விடாமல் எழுதும் கணக்கு அது.

எதற்கு இவ்வளவு சிரமம்? ஓர் ஆஸ்பத்திரியில் இந்த வருஷம் ஆயிரம் பேர் கூடுதலாக வந்தார்கள் என்று வையுங்கள். ஊரில் நோய் கூடிவிட்டதா, ஆஸ்பத்திரிக்குப் பெயர் வந்துவிட்டதா, புதிதாக பஸ் விட்டார்களா? வருகைக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. "கேன்சர் கூடிப்போச்சு" என்று டீக்கடையில் பேசுவதற்கும் அறிவியலாகச் சொல்வதற்கும் நடுவில் நிற்பது இந்தப் பதிவேடுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பதிவேட்டுப் பணியாளர்கள் அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, பயாப்சி பார்க்கும் லேப், ஸ்கேன் சென்டர் என்று ஒவ்வொன்றாகப் போய் விவரம் எடுப்பார்கள். இறப்புப் பதிவுகளையும் புரட்டுவார்கள், ஏனென்றால் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் சிக்காமல் இறந்துபோனவர் அங்கேதான் அகப்படுவார். அப்புறம் பெரிய தலைவலி: ஒரே லட்சுமி ஒரு லேப்பில் எல். லட்சுமி, இன்னோர் ஆஸ்பத்திரியில் லட்சுமி அம்மாள், மூன்றாவது இடத்தில் கணவர் பெயரோடு சேர்த்து. வயது ஒன்றில் 52, ஒன்றில் 55. மூவரும் ஒருவர்தானா என்று முகவரியை வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும். தவறினால் ஒரு நோயாளி மூன்றாகிவிடுவார்.

சென்னையில் இந்தப் பதிவேட்டை அடையாறு நிறுவனம் 1981இல் தொடங்கியது. அப்போது நகரப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். ஆண்டுகள் போகப் போக அது இறங்கி, மார்பகப் புற்றுநோய் மேலே வந்துவிட்டது. அந்த மாற்றம் யாரோ ஊகித்துச் சொன்னதல்ல, வருஷம் வருஷமாக எழுதிய வரிகளில் தெரிந்தது. பிறகு 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க விரிவுபடுத்தும் வேலை ஆரம்பித்தது.

பதிவேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. வைத்தியம் முடிந்து போனவர்கள் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று தபால், போன், தேவைப்பட்டால் வீட்டுக்கே போய் விசாரிப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்பது அதில்தான் தெரியும். தன் நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத ஓர் இடம் தன் வைத்தியம் பலித்ததா என்பதை எதை வைத்துச் சொல்லும்?

ஆராய்ச்சி என்றால் சோதனைக்குழாய் மட்டும்தானா?

மரபணு, மூலக்கூறு, புதிய மருந்து எல்லாம் ஆராய்ச்சிதான். ஆனால் ஒரு மண்டல மையத்துக்கே உரிய ஆராய்ச்சி வேறு வகை. நம் மக்களிடம், நம் கையில் இருக்கும் ஆட்களையும் காசையும் வைத்து, எது பலிக்கும்? இதற்கு விடை வெளிநாட்டிலிருந்து வராது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இதற்கு அழகான உதாரணம். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதல்ல. ஒரு வைரஸ் தொற்றில் ஆரம்பித்து, செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, புற்றாக ஆக பல வருஷம் பிடிக்கும். நடுவில் பிடித்துவிட்டால் தடுத்துவிடலாம். பணக்கார நாடுகளில் அதற்கு ஒரு லேப் பரிசோதனை உண்டு. ஆனால் அதற்கு லேப் வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும், ரிசல்ட் வாங்க இரண்டாவது தடவை வரவேண்டும். வயல் வேலையை விட்டு யார் வருவார்?

அதனால் எளிய வழி ஒன்றைச் சோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது சமையலறை வினிகரில் இருக்கும் அதே புளிப்புப் பொருள். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் அதைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தொட்டுவைப்பார். ஒரு நிமிஷம் பொறுப்பார். இயல்பான இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் வெள்ளைத் திட்டாக வெளுக்கும். லேப் வேண்டாம், கண்ணே போதும். தேவையானவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிறு வைத்தியத்தையும் அங்கேயே நர்ஸ்களே செய்தார்கள்.

சரி, இது பலித்தது என்று எப்படித் தெரியும்? குலுக்கல் முறையில் சில ஊர்த்தொகுதிகளுக்கு இந்தப் பரிசோதனை, மற்றவற்றுக்கு வழக்கமான வைத்திய வசதி என்று பிரித்தார்கள். குலுக்கல் எதற்கென்றால், விழிப்புணர்வு உள்ள ஊரையே நாம் தேர்ந்தெடுத்துவிட்டு பரிசோதனையால்தான் நன்மை வந்தது என்று ஏமாறாமல் இருக்க. இப்படிச் சீட்டெடுத்துப் பிரித்து ஒப்பிடும் முறைக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். பரிசோதனை கிடைத்த பக்கம் 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் ஏறக்குறைய 49,000 பேர். ஒரே ஒரு தடவை செய்த பரிசோதனைதான். 2007இல் வெளியான முடிவின்படி, அந்தப் பக்கம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைவு.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் அந்த வேலை நடந்தது. பதிவேடு இல்லாமல் இந்த ஆய்வு இல்லை, நர்ஸ்கள் ஊருக்குள் போகாமலும் இல்லை, வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களுக்கு மேல்வைத்தியம் பார்க்க ஓர் இடம் இல்லாமலும் இல்லை. மூன்று வேலையும் ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் திண்டுக்கல்லைத்தான் காட்டுவேன்.

திருவனந்தபுரம் மையமும் இதே போல வாயைப் பரிசோதிக்கும் ஆய்வு ஒன்றை 1990களில் தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச்சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மறுபடி ஒருமுறை: பதிவேடு எங்கே வலிக்கிறது என்று காட்டும். ஆராய்ச்சி எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும். அதை வீட்டு வாசல்வரை கொண்டுபோவது மூன்றாவது வேலை.

களப்பணியும் முகாமும் ஒன்றா?

ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வளாகம், பந்தல், பேனர், 400 பேருக்குப் பரிசோதனை, மறுநாள் பேப்பரில் செய்தி. அந்த 400 பேரில் 15 பேருக்குச் சந்தேகம் என்று எழுதிக்கொடுத்திருந்தால், அதில் எத்தனை பேர் அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போனார்கள்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. சந்தேகம் என்று சொல்லிவிட்டுக் கையை விடுவது, சொல்லாமல் இருப்பதைவிடக் கொடுமை என்று நினைக்கிறேன். அவர் பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

உண்மையான களப்பணி அலுப்பான வேலை. கிராம சுகாதார செவிலியருக்குப் பயிற்சி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள் நிரந்தரப் பரிசோதனை, சந்தேகத்துக்கு உரியவரின் பெயரை எழுதி, வந்தாரா என்று பார்த்து, வராவிட்டால் வீட்டுக்குப் போவது. புகையிலையை விட உதவுவதும் இதில் சேரும். பள்ளியில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, விட நினைக்கும் ஒருவரோடு மூன்று மாதம் தொடர்பில் இருப்பது பலன் தரும்.

அடையாறு எந்த வரிசையில் வளர்ந்தது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். நாட்டில் இதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே விழுந்தது. ஆஸ்பத்திரி திறந்தது 1954 ஜூன் 18. அதாவது முப்பது வருஷம் கழித்து, வெறும் 12 படுக்கையோடு. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அரசு வேலையை விட்டு 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1957இல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி, 1960இல் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு, 1981இல் பதிவேடு, 1984இல் புற்றுநோய் வைத்தியத்தில் உயர்படிப்பு. சாந்தா 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

ஒரே நாளில் ரிப்பன் வெட்டித் திறந்த மையம் அல்ல அது. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு புதிய வேலையைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். பழையதையும் விடவில்லை.

புதிதாகக் கட்டுவதென்றால்

முதலில் மண்டலத்தின் எல்லையைக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்: எந்தெந்த மாவட்டம், எத்தனை லட்சம் பேர், அவர்களுக்கு எந்தப் புற்றுநோய் அதிகம். சில வகைப் புற்றுநோய் நிறைந்த மண்டலத்துக்கும் வேறு வகை நிறைந்த மண்டலத்துக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது. அடுத்தது ஆட்கள். கருவியை ஆறு மாதத்தில் இறக்கலாம், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரை ஆறு மாதத்தில் உருவாக்க முடியாது.

கருவி வாங்குவதோடு செலவு முடிவதும் இல்லை. கோபால்ட் கருவியில் கதிரைத் தரும் பொருளான கோபால்ட் 60 ஐந்தேகால் வருஷத்தில் பாதி வலுவை இழக்கும். நேற்று இரண்டு நிமிஷத்தில் முடிந்த வைத்தியத்துக்கு அப்போது நான்கு நிமிஷம் ஆகும், வாசலில் வரிசை நீளும். புதிய கதிர்மூலத்துக்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கவும் கூடாது. சிக்கலான அறுவையும் கதிர்வீச்சும் மையத்தில் இருக்கட்டும், அங்கே முடிவான கீமோவை மாவட்ட ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொள்ளலாம், செக்கப்பைத் தாலுகாவில் முடிக்கலாம். அசாமில் அரசும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து, ஒரே பெரிய கட்டடத்துக்குப் பதிலாகப் பல ஊர்களில் படிப்படியான தரத்தில் ஆஸ்பத்திரிகள் அமைத்து, 2022 ஏப்ரலில் முதல் ஏழு ஆஸ்பத்திரிகளைத் திறந்தது இந்த எண்ணத்தில்தான்.

அடுத்த முறை உங்கள் மாவட்டத்துக்கு மையம் என்று அறிவிப்பு வந்தால், எத்தனை மாடி என்று கேட்காதீர்கள். பதிவேட்டுக்கு எத்தனை பேரை நியமிக்கிறீர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களோடு என்ன ஏற்பாடு, துணைக்கு வருகிறவர் எங்கே படுப்பார் என்று கேளுங்கள்.

பெரியம்மா பிழைத்துக்கொண்டார். ஐந்து வாரக் கதிர்வீச்சும் கீமோவும் முடித்து, இப்போது ஏழாவது வருஷம். இரண்டு செக்கப்பைத் தவறவிட்டபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "ஏம்மா வரலை? நல்லாத்தானே இருக்கீங்க?" என்ற அந்தக் குரலுக்கு பெரியம்மா சொன்ன பதில், "இருக்கேம்மா, நாத்து நடவு முடிஞ்சதும் வர்றேன்." மறுமுனையில் கீபோர்டு சத்தம் கேட்டதாம்.